உச்சிக்குழியின் வழியே

மூளையை ஒலியால் படம் பிடித்துவிடலாம் என்று முதலில் நம்பியவர் கார்ல் டூசிக் என்ற ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர். 1942-இல், உலகப் போருக்கு நடுவே, அந்த யோசனையைக் கட்டுரையாக வெளியிட்டார். இயற்பியல் படித்த சகோதரர் ஃபிரீட்ரிக்கின் துணையோடு பிறகு கருவியையும் செய்தார். நோயாளியின் தலையைத் தண்ணீரில் நனையவைத்து, ஒரு பக்கத்திலிருந்து காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பினார். மறுபக்கம் வந்து சேர்ந்த ஒலி எங்கே வலுவாக இருந்தது, எங்கே மங்கியது என்பதைப் படமாகப் பதித்தார். மூளையின் நடுவே நீர் நிறைந்து நிற்கும் வென்ட்ரிக்கிள் அறைகள் அந்தப் படத்தில் தெரிவதாகவே அவர் கருதினார்.

1950-களின் தொடக்கத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. ஜெர்மனியில் வேறொரு குழு வெறும் மண்டையோட்டைத் தண்ணீரில் வைத்து அதே முறையில் படமெடுத்தது. உள்ளே மூளையே கிடையாது. ஆனாலும் படம் ஏறக்குறைய அப்படியே வந்தது. எலும்பின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒலி பட்ட பாட்டைத்தான் டூசிக் இத்தனை நாளும் வென்ட்ரிக்கிள் என்று நினைத்திருந்தார்.

மருத்துவ வரலாறு இதைத் தோல்விக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடை மூளையில் இல்லை, எலும்பில் இருக்கிறது என்பதைத் திட்டவட்டமாகக் காட்டிய பரிசோதனை அது. எலும்பு மூடாத தலை ஒன்று கிடைத்தால் போதும் என்று அதற்கு அர்த்தம். நாம் எல்லோரும் அப்படிப்பட்ட தலையோடுதான் பிறக்கிறோம். கருவி அந்த இடத்துக்கு வந்து சேரத்தான் இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அது புறப்பட்ட இடமோ ஆஸ்பத்திரிக்கு வெகு தொலைவில் இருந்தது. 1880-இல் பாரிஸில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போரில் பால் லாங்ஜெவன் குவார்ட்ஸ் படிகத்தை அப்படி அதிரவைத்து, கடலுக்கடியில் பதுங்கும் நீர்மூழ்கிகளை எதிரொலியால் தேடினார். பின்னாளில் கப்பல் தளங்களிலும் கொதிகலன் ஆலைகளிலும் இரும்புக்குள் கீறல் விட்டிருக்கிறதா என்று பார்க்க அந்த நுட்பம் போனது. அங்கிருந்துதான் அது மருத்துவர் கைக்கு வந்தது. சுவீடனின் லுண்ட் நகரத்தில் இன்கே எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் 1953-இல் மால்மோ கப்பல் தளத்துக் கருவியை இரவல் வாங்கி இதயத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் கொதிகலன் நிறுவனம் ஒன்றின் கருவியில் தொடங்கி, 1958-இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையால் கர்ப்ப ஸ்கேனுக்கு வழி திறந்தார்.

லுண்டிலேயே லார்ஸ் லெக்செல் என்ற மூளை அறுவை மருத்துவரும் இருந்தார். பின்னாளில் காமா கத்தியைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் அவர். 1950-களின் நடுவில், தலையில் அடிபட்ட ஒரு சின்னக் குழந்தையின் பக்கவாட்டில் ஒலியை அனுப்பினார். மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவிலிருந்து வரும் எதிரொலி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஒதுங்கி இருந்தது. ஒரு பக்கம் தேங்கிய ரத்தம் மூளையைத் தள்ளுகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடிந்தது. திரையில் விழுந்தது படம்கூட இல்லை. ஒரு கோடும் அதில் சில முனைகளும்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒலி முதலில் வழிவிட்ட மூளைகளில் ஒன்று மெல்லிய மண்டையோடு கொண்ட ஒரு குழந்தையின் மூளை. பெரியவர்களுக்கும் இந்தக் கோட்டுச் சோதனையைச் சில காலம் செய்தார்கள். 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைக் காட்டியதும் அது மெல்ல ஓய்ந்தது. பெரியவர் தலையை விட்டு அல்ட்ராசவுண்ட் வெளியேறிவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அதே சமயம் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் வேறொரு நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தது. வென்டிலேட்டரும் வார்மரும் வந்த பிறகு, முன்பு மூச்சுத் திணறி முதல் நாளிலேயே இறந்துபோன ஒன்று, ஒன்றரை கிலோ குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திடீரென வெளுத்து, துவண்டு இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் வென்ட்ரிக்கிளுக்குள் ரத்தம் உறைந்து கிடந்தது. உயிரோடு இருக்கும் குழந்தையிடம் இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி இல்லாததால், மூளையில் ரத்தக்கசிவு என்றாலே மரணம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது.

ரத்தம் கசியும் இடம் ஒன்றுதான். வென்ட்ரிக்கிளின் ஓரத்தில், மூளைக்கு வேண்டிய செல்கள் பெருகும் மென்மையான திசு ஒன்று இருக்கிறது. ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்று பெயர். அங்குள்ள ரத்தக் குழாய்கள் வெறும் இழைகள். கர்ப்பத்தின் 32, 34 வாரங்களுக்குள் அந்தத் திசு தன் வேலையை முடித்துக்கொண்டு கரைந்துவிடும். மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கு அதனால் பெரிதாக ஆபத்தில்லை. 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது முழுதாக இருக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கினாலே இழைகள் விட்டுவிடும். பெரும்பாலும் பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள் இது நடந்து முடிகிறது.

1978-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லூ-ஆன் பபைலும் அவருடைய சகாக்களும் செய்த வேலை எல்லோரையும் திடுக்கிட வைத்தது. 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 46 குழந்தைகளை, அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், வரிசையாக சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். 20 பேருக்கு ரத்தக்கசிவு இருந்தது. கசிவோடு உயிர் பிழைத்தவர்கள் 9 பேர். அவர்களில் 7 பேரிடம் வெளியே தெரியும்படி ஒரு அறிகுறியும் இல்லை. பால் குடித்துக்கொண்டு, எடை கூடிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் மூளைக்குள் ரத்தம் கசிந்து நின்றிருக்கிறது. கசிவை நான்கு படிகளாகப் பிரித்துப் பெயரிட்டதும் அதே கட்டுரைதான். இன்றும் நம் ஊர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2’ என்று எழுதுகிறார்களே, அது அங்கிருந்து வந்தது.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தையை சிடி அறைக்குக் கொண்டுபோவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வென்டிலேட்டரைக் கழற்றி, ஒருவர் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். இன்குபேட்டரை லிஃப்டில் ஏற்றி, நீண்ட வராந்தாவைக் கடந்து, குளிரூட்டிய அறையில் உலோக மேசை மீது படுக்கவைக்க வேண்டும். உடல் சூடு அரை டிகிரி இறங்கினாலே தவித்துப்போகும் குழந்தை அது. கதிர்வீச்சு வேறு. மூன்றாம் நாள் ஒரு முறை, பத்தாம் நாள் ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை என்று இதையே திரும்பத் திரும்பச் செய்ய எந்த மருத்துவரும் துணிய மாட்டார். ஒருமுறை எடுத்த படம் அன்றைய நிலையைச் சொல்லும். கசிவு பெருகுகிறதா, அடங்குகிறதா, நீர் கோத்துக்கொள்கிறதா என்பதற்கு அடுத்தடுத்த படங்கள் வேண்டும்.

அப்போதுதான் டூசிக் விட்டுச்சென்ற இடத்துக்குக் கருவி திரும்பியது. 1979-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் கேரன் பேப், ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் ஆகியோரின் குழு, குறைமாதக் குழந்தைகளின் மூளைச் சேதத்தை அல்ட்ராசவுண்டால் கண்டுபிடித்ததை லான்செட்டில் எழுதியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் சின்சினாட்டியின் டயான் பாப்காக் குழு உட்படப் பலரும் குழந்தைத் தலை ஸ்கேன் பற்றி எழுதினார்கள். உச்சிக்குழியே வென்ட்ரிக்கிள்களைக் காட்டும் ஜன்னல் என்பதைத் தலைப்பிலேயே சொன்ன கட்டுரையும் 1980-இல்தான் வந்தது. நம் பாட்டிமார் எண்ணெய் வைத்து, “அழுத்தாதடி, அங்க எலும்பில்ல” என்று எச்சரிக்கும் அதே இடம்.

ஏன் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்கலாம். கருவியின் வடிவமும் ஒரு காரணம். கர்ப்பிணியின் வயிற்றுக்குச் செய்த ப்ரோப் நீளமானது. உச்சிக்குழியின் சின்னப் பரப்பில் உட்காராது. சின்ன முகப்பிலிருந்து கிளம்பி உள்ளே போகப் போக விசிறி போல விரியும் கதிர் வேண்டியிருந்தது. அந்த வகைக் கருவியை மின்னணு முறையில் செய்துகாட்டியவர் நெதர்லாந்தின் யான் சோமர். 1968-இல் அவர் அதைச் செய்ததே மூளையைப் பார்க்கத்தான். எலும்பு அவரையும் மறித்தது. பத்தாண்டுக்குப் பிறகு விசிறிக் கதிரும் உச்சிக்குழியும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

இன்று நம் ஊர்ப் பச்சிளங்குழந்தை வார்டில் இதன் பெயர் நியூரோசோனோகிராம். நர்ஸ்கள் ‘தலை ஸ்கேன்’ என்பார்கள். பெயர் வைக்காத குழந்தையின் காலில் அம்மாவின் பெயரோடு ‘பேபி ஆஃப்’ சேர்த்த பட்டை கட்டியிருக்கும். மருத்துவர் கையைக் கழுவி, ப்ரோப்பைத் துடைத்து, ஜெல்லைச் சூடுபடுத்தி வைத்துக்கொள்வார். சில்லென்ற ஜெல் உச்சியில் பட்டால் இந்த எடைக் குழந்தைக்கு அதுவே தொந்தரவு. வார்மரை அணைப்பதில்லை, குழாய்களைக் கழற்றுவதில்லை, மயக்க மருந்தும் கிடையாது. ஜெல்லைத் தடவி, கட்டைவிரல் அகல ப்ரோப்பை எடையே இல்லாமல் வைத்து, முன்னிருந்து பின்னாக மெல்லச் சாய்ப்பார். பிறகு கால் திருப்பு திருப்பி இடமும் வலமும் பார்ப்பார்.

திரையில் நீர் கறுப்பாகத் தெரியும், மூளைத் திசு சாம்பல் நிறத்தில். வென்ட்ரிக்கிளுக்குள் நீரைச் சுரக்கும் கோராய்டு பிளெக்சஸ் வெள்ளை வெளேரென்று இருக்கும். புதிதாகக் கசிந்த ரத்தமும் வெள்ளைதான். குழப்பம் அங்கேதான் வரும். அனுபவமுள்ள கண் ஒரு சிறு பள்ளத்தைத் தேடும். காடேட், தலாமஸ் என்ற இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடம் அது. கோராய்டு பிளெக்சஸ் முன்னோக்கி வர வர மெலிந்து அந்தப் பள்ளத்தோடு நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி முன்னே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால், அது ஜெர்மினல் மேட்ரிக்ஸ் கசிவு. ஒரு கடுகளவு வெள்ளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் அடுத்த சில மாதங்கள் தொங்குகின்றன. குழந்தையின் வாரக் கணக்கும் அதே திரையில் தெரியும். 25 வார மூளை வழவழவென்று மடிப்பில்லாமல் இருக்கும். வாரம் ஏற ஏற மடிப்பு விழும். தாய் வயிற்றுக்குள் நடக்க வேண்டிய வளர்ச்சியை வெளியே வாரா வாரம் பார்க்க முடிந்தது மனித வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

பார்க்கப் பார்க்கப் பழைய எண்ணங்கள் மாறின. சிறிய கசிவுகள் பெரும்பாலும் தானாகக் கரைந்தன. அந்தக் குழந்தைகளில் பலர் மற்றவர்களைப் போலவே நடந்தார்கள், பேசினார்கள். நான்காம் படி என்பது வென்ட்ரிக்கிள் உடைந்து ரத்தம் மூளைக்குள் பாய்ந்தது என்று கருதியிருந்தார்கள். அமெரிக்காவின் ஜோசப் வோல்பி போன்றவர்கள் அது வேறு சங்கதி என்று காட்டினார்கள்: கசிவு அருகிலுள்ள சிரையை அடைக்கிறது, ரத்தம் திரும்ப வழியில்லாமல் அந்தப் பகுதித் திசு சேதமாகிறது. பெரும்பாலும் அது ஒரு பக்கத்தில்தான் நடக்கும். எந்த இடம், எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து அந்தக் குழந்தையின் நாளை மாறுகிறது. வெறும் ‘கிரேடு 4’ என்ற எண்ணை மட்டும் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புவது அநியாயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கசிவுக்குப் பிறகு வரும் பெரிய பயம் நீர்க்கோவை. உறைந்த ரத்தம் நீர் வடியும் பாதையை அடைத்து, வென்ட்ரிக்கிள் வீங்கும். தலை சுற்றளவு கூடுவதற்கு முன்பே வீக்கம் தொடங்கிவிடும். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் மால்கம் லெவீன் 1981-இல் ஒரு எளிய அளவைத் தந்தார்: மூளையின் நடுக்கோட்டிலிருந்து வென்ட்ரிக்கிளின் வெளி ஓரம் வரை எத்தனை மில்லிமீட்டர்? குழந்தையின் வாரத்துக்கு ஏற்ப இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு வரைபடம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீரை எப்போது வடிக்கத் தொடங்குவது என்ற முடிவு அந்தக் கோட்டைத் தாண்டிய சில மில்லிமீட்டரில்தான் நிற்கிறது. இந்த விஷயத்தில் பெரிய கண்டுபிடிப்புகளைவிட இந்த ஒரு வரைபடமே கூடுதல் குழந்தைகளுக்கு உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

கசிவைத் தடுப்பதற்கும் இந்த ஸ்கேன் கண்ணாக இருந்தது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல், குறைமாதப் பிரசவம் வரப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது என்று காட்டியிருந்தார்கள். அந்த ஊசி மூளைக் கசிவையும் குறைக்கிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் உறுதியானது. இவ்வளவு குழந்தைகளின் மூளையை வார்டிலேயே பார்க்க முடியாவிட்டால் அப்படி ஒப்பிட்டுச் சொல்லியிருக்கவே முடியாது.

இந்தியாவுக்கு இந்தக் கருவி வந்தபோது அதன் கூடவே ஒரு துக்கமும் வந்தது. கருவிலிருப்பது பெண் என்று தெரிந்ததும் கலைக்க உதவியதும் இதே அல்ட்ராசவுண்ட்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலம் மாவட்டத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் நம்முடையது. 1994-இல் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2003-இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. அதன்படி அல்ட்ராசவுண்ட் கருவி எந்த வார்டில் இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். சட்டென்று தூக்கிப்போகும் சிறிய கருவிகளுக்கு 2012-இல் தனிக் கட்டுப்பாடும் வந்தது: பதிவு செய்த கட்டடத்துக்குள், உள்நோயாளிகளுக்கு மட்டும் அல்லது நடமாடும் மருத்துவ ஊர்தியின் ஒரு பகுதியாக. பிறந்துவிட்ட குழந்தையின் தலையைப் பார்க்கும் கருவியும் இந்த வேலிக்குள்தான் வருகிறது. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது காப்பாற்றிய பெண் குழந்தைகளுக்காக அந்த வேலி வேண்டும். ஆனால் குறைமாதக் குழந்தைகள் படுத்திருக்கும் ஒவ்வொரு வார்டிலும் பதிவு செய்த கருவி ஒன்றும், அதைக் கையாளப் பயின்றவர் ஒருவரும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அதே அரசின் கடமை. 2020-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். உலகிலேயே அதிகம்.

இந்த ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது. உச்சியிலிருந்து பார்க்கும்போது சிறுமூளை தூரத்தில் மங்கலாகத் தெரியும். காதுக்குப் பின்னுள்ள சிறு இடைவெளி வழியாகவும் பார்த்தால்தான் அங்குள்ள கசிவு பிடிபடும். வெண்திசுவில் பரவலாக ஏற்படும் நுண்ணிய சேதத்துக்கு எம்ஆர்ஐ வேண்டும். பிரசவத்தில் மூச்சுத் திணறிய நிறைமாதக் குழந்தைக்கு முதல் ஓரிரு நாள் ஸ்கேன் சுத்தமாக இருந்துவிடலாம்; அதை வைத்து நிம்மதிப்பட முடியாது. கருவி இன்னும் வளர்ந்துகொண்டும் இருக்கிறது. 2017-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் மிக்கேல் டான்டரின் குழுவோடு சேர்ந்து, அதே உச்சிக்குழி வழியாக ரத்த ஓட்டத்தின் நுண்ணிய மாற்றங்களை அளந்து, பச்சிளங்குழந்தை உறங்கும்போதும் வலிப்பு வரும்போதும் மூளை எங்கே செயல்படுகிறது என்பதைப் பதிவு செய்தார்கள்.

நம் வார்டுகளுக்கு அது வர நாளாகும். இப்போதே கையில் இருப்பதில் ஒன்று தவறிப்போகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். 30 வாரமோ அதற்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 7 முதல் 10 நாளுக்குள் ஒரு ஸ்கேன், 4 முதல் 6 வாரத்தில் ஒன்று, மாதம் நிறையும் கணக்கில் அல்லது வீட்டுக்குப் போகும் முன் ஒன்று என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. முதல் ஸ்கேன் கசிவைக் காட்டும். அடுத்தவை இன்னொன்றுக்காக: வெண்திசுவுக்கு ரத்தம் போதாமல் போயிருந்தால், அங்கே சிறு சிறு நீர்க்கட்டிகள் உருவாக இரண்டு, மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். கைகால் இறுக்கத்தோடு வரும் பெருமூளை வாதத்தை முன்கூட்டிச் சொல்வதில் அந்தக் கட்டிகளுக்குக் கசிவைவிட அதிக எடை உண்டு. இன்னும் சில வாரம் போனால் அவை சுருங்கி, ஸ்கேனில் தெரியாமலும் போய்விடலாம். நடுவில் உள்ள அந்தச் சில வாரங்களில் பார்க்க வேண்டும்.

அந்த வாரங்களில்தான் நம் குழந்தைகள் வீட்டுக்குப் போகிறார்கள். எடை ஒன்றரை கிலோவைத் தாண்டி, பால் குடிக்கத் தெரிந்துவிட்டால் டிஸ்சார்ஜ். ஊர் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். “முதல் ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்கம்மா, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?” என்று வீட்டில் கேட்பார்கள், அம்மாவிடம் பதில் இருக்காது, யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்பதாம் மாதத்தில் குழந்தை ஒரு காலை இறுக்கிக்கொள்வதைக் கண்டு ஓடி வரும்போது பயிற்சி தொடங்க வேண்டிய நல்ல காலத்தில் பாதி போயிருக்கும். குறைமாதக் குழந்தையோடு வார்டில் இருக்கும் அம்மா அப்பா டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும்போது, அடுத்த தலை ஸ்கேன் எந்தத் தேதி, எந்த இடத்தில் என்று அதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதியில்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். வளர்ச்சியைப் பார்க்கும் ஓ.பி. எந்தக் கிழமை என்பதையும் அதே சீட்டில் எழுதித் தரலாம். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். நன்றாகப் பார்க்க முடிவது அதற்கும் வெகு முன்பு, முதல் சில மாதங்கள்வரைதான்.